தடிச் சுவர் வீட்டுக்கு வைஃபை ரூட்டர் தேர்ந்தெடுத்த அனுபவம்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான கீழக்கரையில் எங்கள் வீட்டில் ரூட்டர் மாற்றியதிலிருந்து சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் போன் போட்டு, "என்ன வாங்குனீங்க, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்கிறார்கள். மாடல் பெயரை மட்டும் சொன்னால் அவர்கள் வீட்டுக்கு அது ஒத்துவருமா என்று தெரியாது. எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று சொன்னால் ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கும் உதவும்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளம் பெரிய வாப்பா காலத்துக் கட்டு. சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒரு முழத்துக்கு மேல் தடிமன். மேல்தளம் வாப்பா சவூதியில் இருந்தபோது எடுத்த கான்கிரீட். எங்கள் ஊர் வழக்கப்படி நானும் தங்கச்சியும் கல்யாணத்துக்குப் பிறகும் உம்மா வீட்டில்தான். என் வீட்டுக்காரர் துபாயில். தங்கச்சி மாப்பிள்ளை சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். ஆளுக்கொரு போன், சிலருக்கு இரண்டு, கீழும் மேலும் டிவி, லேப்டாப், பிள்ளைகளின் டேப், வாசலிலும் மாடிப்படியிலும் கேமரா, பிரிண்டர். உட்கார்ந்து எழுதியபோது இருபதைத் தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் இருந்தது, ஃபைபர் கொடுத்தவர்கள் வாசல் அறையில் மாட்டிய ஒரே பெட்டி. அதில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான், புது ரூட்டர்களில் இருக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸ் இல்லை. மக்ரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) பிறகு எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் துபாய் கால் உறைந்து நின்றுவிடும். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது, போட்டிம் செயலியில்தான் பேச வேண்டும். அதிலும் முகம் கட்டம் கட்டமாக உடையும்.

"பெரிய பிளானுக்கு மாறிடுங்க" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன், நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக அந்தப் பெட்டியில் சொருகி ஸ்பீடு பார்த்தேன். நாங்கள் கட்டும் 100 எம்பிபிஎஸ் முழுசாக வந்தது. அதே லேப்டாப்பை நடு அறைக்குக் கொண்டுபோய் வைஃபையில் பார்த்தால் பத்தைத் தொடவே திணறியது. லைனில் கோளாறு இல்லை, வீட்டுக்குள்தான் தடை என்று அப்போது புரிந்தது. பிளானை மாற்றியிருந்தால் வாசல் அறை வரைக்கும்தான் அந்தப் பணம் வந்திருக்கும்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். ஒன்றோடொன்று மோதாத சேனல் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பதால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் அடித்துக்கொள்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் நல்ல வேகம். ஆனால் காரைச் சுவர் இரண்டைத் தாண்டும்போதே தளர்ந்துவிடும்.

இராமநாதபுரம் கடைக்குப் போனால் எட்டு ஆன்டெனா வைத்த பெரிய ரூட்டரைத்தான் முதலில் எடுத்து வைத்தார்கள். "அக்கா, இத வச்சா தெருவுக்கே எடுக்கும்" என்றார் கடைத் தம்பி. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எந்த ரூட்டராக இருந்தாலும் வெளிவிடும் சக்திக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. அதுவும் போக, ரூட்டர் சொல்வது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, போன் சொல்வது ரூட்டருக்குக் கேட்க வேண்டும். போனில் இருப்பது சின்ன ஆன்டெனா, சின்ன பேட்டரி. ஆகவே கோபுரம் மாதிரி ஒன்றை வாசலில் வைப்பதைவிட, சாதாரண ரூட்டர் இரண்டை ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பது மேல்.

ஏசி1200, ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000 என்று ரூட்டரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்களும் ஆளை மயக்கும். அது இரண்டு அலைவரிசையின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு. ஏஎக்ஸ்1500 என்றால் 2.4-இல் 300, 5-இல் 1201. பெரும்பாலான போன்கள் இரண்டையும் சேர்த்து அனுபவிக்கப்போவதில்லை. நான் பார்த்தது வேறு. 'ஏஎக்ஸ்' என்றால் வைஃபை 6, அதாவது வைஃபையின் ஆறாவது தலைமுறை. சாதனங்கள் அதிகமுள்ள வீட்டுக்கு அதில் பலன் உண்டு. பழைய முறையில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சாதனத்துக்குத்தான் முறை வரும். இதில் ஒரே முறையில் பல சாதனங்களின் சின்னச் சின்னத் தகவலைச் சேர்த்து அனுப்பலாம், ஆளுக்கொரு ஆட்டோ பிடிக்காமல் ஷேர் ஆட்டோவில் ஏற்றுகிற மாதிரி. போனும் வைஃபை 6 ஆக இருந்தால்தான் முழுப் பலன். எங்கள் வீட்டில் புதுப் போன்கள் அப்படித்தான். வைஃபை 7 ரூட்டரும் கடையில் இருந்தது. அதற்கேற்ற சாதனம் ஒன்றுகூட வீட்டில் இல்லாததால் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்தது, அட்டைப்பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் போர்ட் (கேபிள் சொருகும் வாய்) விவரம். விலை மலிவான சிலவற்றில் வைஃபை வேகத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு லேன் போர்ட்டை 100 எம்பிபிஎஸ்ஸோடு நிறுத்தியிருப்பார்கள். நாளைக்கு 200, 300 பிளானுக்கு மாறினால் அங்கேயே முட்டிக்கொள்ளும். 'கிகாபிட்' (1000 எம்பிபிஎஸ்) என்று தெளிவாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

கடைசியில் ஒரே கம்பெனியின் ஏஎக்ஸ்1500 ரூட்டர் இரண்டு எடுத்தேன். கிகாபிட் போர்ட், மெஷ் வசதி (பல ரூட்டர்கள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்வது) இரண்டும் இருந்தன. அந்த எட்டு ஆன்டெனா ரூட்டரின் விலைக்குள்ளேயே இரண்டும் முடிந்தது.

மெஷ் என்றதும் கேபிளே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். சுவர் மெலிதாக இருந்தால் சரி. எங்கள் வீட்டில் இரண்டு ரூட்டரும் காற்றிலேயே பேசிக்கொண்டால், போன்களுக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தில் பாதி அந்தப் பேச்சுக்கே போய்விடும். அதனால் வாசல் அறையிலிருந்து முற்றத்து ஓரமாக மேல்தளம் வரை கேட் 6 (Cat 6) லேன் கேபிள் இழுத்தோம். இந்தக் கேபிள் விஷயத்தில் கடற்கரைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். கேமராவுக்கு முன்பு போட்டிருந்த கேபிளின் நுனியை வெட்டிப் பார்த்தேன். எட்டுத் தகடுகளில் ஓரத்து இரண்டும் பச்சை பூத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தன. உள்ளே கம்பி, தாமிர முலாம் பூசிய அலுமினியம். உப்புக் காற்றுக்கு அது தாங்காது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிகாபிட்டுக்கு மட்டும் வேண்டிய மற்ற நாலில் ஒன்று அரித்தாலும் சத்தமில்லாமல் வேகம் 100-க்கு இறங்கிவிடும், யாரும் கேபிளைச் சந்தேகப்படமாட்டார்கள். சுத்தத் தாமிரம், வெளியில் போடும் கறுப்பு உறை என்று கேட்டு வாங்குங்கள். வெளியே ஓடும் தாமிரக் கேபிள் இடி மின்னலையும் உள்ளே கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் இடி வரும்போல இருந்தால் முன்கூட்டியே அதைக் கழற்றிவிடுகிறோம்.

கனெக்‌ஷன் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (லைனை மட்டும் அப்படியே கடத்திவிடும் நிலையில்) போட்டால் புது ரூட்டரே லாகின் செய்யும். அதற்கு யூசர்நேம், பாஸ்வேர்டு வேண்டும். சிலர் பழைய பெட்டியின் மேக் முகவரியோடு (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணோடு) லைனைப் பூட்டியிருப்பார்கள், அதை விடுவிக்கவும் சொல்ல வேண்டும். எங்களுக்கு வந்த லைன் தம்பி, "லேண்ட்லைனும் இந்தப் பெட்டியிலதான்கா ஓடுது, பிரிட்ஜ் போட்டா அத மறுபடி செட் பண்ணணும்" என்று தயங்கினார். சரி, பெட்டியை அப்படியே விட்டு அதன் வைஃபையை மட்டும் அணைத்து, புது ரூட்டர்களை அக்சஸ் பாயிண்ட் மோடில் (வைஃபை மட்டும் கொடுக்கும் நிலையில்) போட்டுக்கொண்டோம். வீட்டு உபயோகத்துக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

கீழ் ரூட்டர் இப்போது நடு அறையில் ஆள் உயரத்தில் இருக்கிறது. முதலில் பீரோ மேல் வைக்கலாம் என்றார் உம்மா. இரும்பு பீரோவும் கண்ணாடியும் சிக்னலை மறிக்கும் என்பதால் எதிர்ச் சுவரில் பலகை அடித்தோம். கேமராக்கள் 2.4 மட்டும்தான் பிடிக்கும் என்பதால் அவற்றுக்கு டபிள்யூபிஏ2 (WPA2) என்ற பாதுகாப்பு முறை வைத்துத் தனி வைஃபைப் பெயர். போன்களுக்கும் டிவிக்கும் வேறு பெயர். மேல்தளத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மாப்பிள்ளை மீட்டிங் பேசும்போதே கீழே நான் துபாய்க்குப் பேச முடிகிறது, முகமும் உடையவில்லை. பின்கட்டு அடுப்படியில் மட்டும் இன்னும் கொஞ்சம் மந்தம்தான்.

தொண்டியில் இருக்கும் நாத்தனாரும் இதே போல் இரண்டு வாங்கக் கிளம்பினார். அவர் வீடு இரண்டு அறை, செங்கல் சுவர், ஆறேழு சாதனம்தான். ஒன்றே போதும், நடுவில் வையுங்கள், மிச்சப் பணத்தில் கரண்ட் போனாலும் ரூட்டரை ஓட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அடாப்டரில் 1 ஆம்பியரா 1.5 ஆம்பியரா என்று பார்த்து அதற்கேற்றதை எடுக்க வேண்டும். ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து இரண்டு வாய் உள்ளதாக இருக்கட்டும்.