பல்லும் பாரியும்

நாகஸ்வரக்காரனுக்கு வயதாவது முதலில் தெரிவது தலைமுடியில் அல்ல, முன்பல்லில். பல் ஆட ஆரம்பித்தால் உதடு சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டை, பிடிக்காது. மேல் ஸ்தாயியில் சுருதி நழுவும். மூச்சு தளர்வதெல்லாம் அப்புறம்தான். பல் மருத்துவர் "கட்டிக்கொள்ளலாம்" என்கிறார். கட்டிய பல்லோடு தோடி ராகம் வாசிப்பதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!

மகள் கல்லூரி முடித்துவிட்டாள். வங்கித் தேர்வுக்குப் படி என்று நான் சொல்ல, அவளோ நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்த என் பாரியை, அந்த நீள நாகஸ்வரத்தை, எடுத்துக்கொண்டு சாதகத்துக்கு உட்காருகிறாள். முகூர்த்த மாதங்களில் ஓட்டமும், ஆடியிலும் மார்கழியிலும் கடனுமாக நான் பட்டது போதாதா? ஆனால் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் கம்பீரநாட்டை ராக மல்லாரியை அவள் திரிகாலம் செய்து மூன்று வேகத்தில் வாசிக்கும்போது எனக்கு வாய் அடைத்துவிடுகிறது.

நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த பாரி நாயனத்தைத்தான் இன்றும் ஊதுகிறோம். அவரைப்போல் எதையாவது விட்டுப்போகும் அவ்வளவு பெரிய ஆசை எனக்கில்லை. சாமி புறப்பாட்டில் எந்தத் தெருமுனையில் எந்த ராகம் என்று அப்பா சொல்லிக்கொடுத்த வரிசை இருக்கிறதே, அது எந்த நோட்டிலும் கிடையாது. அதை அவளிடம் சேர்த்துவிட வேண்டும். கூடவே சீவாளியைப் பக்குவப்படுத்தவும், பேசிய பணத்தைக் கல்யாண வீட்டாரிடம் முழுதாக வாங்கவும். இந்தக் கடைசிப் பாடம் எனக்கே இன்னும் சரியாக வரவில்லை.