காற்று எங்கே போகிறது: ஆடி மாத நாட்குறிப்பு

ஜூலை 22

காலி பிளாஸ்டரை (ஃபோம் டார்ட் சுடும் பொம்மைத் துப்பாக்கி) இழுத்து நிறுத்தி, பேரல் வாயைக் கட்டைவிரலால் இறுக அடைத்து டிரிகரை அழுத்தினால், பிளஞ்சர் (ஸ்பிரிங் தள்ளும் உந்துதண்டு) 'டக்' என்று முன்னால் போய் முட்டுகிறது. சீல் சரியாக இருந்தால் பாதி வழியில் நின்று, அப்புறம் மெல்ல ஊரும். மூன்றுமே முட்டுகின்றன. ஆகஸ்ட் 9-ஆம் தேதிக்குள் மூன்றும் தயாராக வேண்டும்.

ஜூலை 23

எங்கே கசிகிறது என்று தெரியும்வரை டெஃப்லான் டேப்பைத் தொடக்கூடாது. மேலோட்டைக் கழற்றி, பிளஞ்சர் குழாயின் மூக்கையே விரலால் அடைத்து, பிளஞ்சரைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளத் தள்ள எதிர்த்து நின்றால் ஓ-ரிங் (பிளஞ்சர் தலையின் ரப்பர் வளையம்) மீது பழி இல்லை. கசிவு அதற்கு முன்னால், போல்ட்டிலோ (டார்ட்டைப் பேரலுக்குள் தள்ளும் பாகம்) பேரல் சேரும் இடத்திலோ. எதிர்ப்பே இல்லாமல் போனால் ஓ-ரிங், இல்லையென்றால் குழாய். குழாய் மேல் சந்தேகம் வந்தால் வாளித் தண்ணீரில் முக்கி அழுத்தினால் போதும், குமிழி இடத்தைக் காட்டிவிடும்.

நெர்ஃப் ரிடாலியேட்டர் (2012-இல் வந்த வகை): ஓ-ரிங். நீலநிற பிளாஸ்டர்: குழாயின் முன்முனையில் மயிரிழை விரிசல். டார்ட் போடாமல் சுட்டுச் சுட்டு வருவது இது. எதிரே காற்று அடைபடாததால் பிளஞ்சர் முழு வேகத்தில் முன்சுவரில் இடிக்கிறது. மூன்றாவது சுழல் உருளை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஜூலை 24

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

ஜூலை 26

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆயில் சீல் கடை. "உரசுற சீலா தம்பி, சும்மா நிக்கிற சீலா?" என்றுதான் அண்ணன் முதலில் கேட்டார். சரியான கேள்வி. அசையாத மூடிக்கு நன்றாக அமுங்கும் ரிங் போடலாம். ஓடுகிற பிளஞ்சருக்கு அமுக்கம் 10 முதல் 15 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் ஸ்பிரிங்கின் பலத்தை உராய்வே தின்றுவிடும்.

வெர்னியரில் அளந்தது: குழாயின் உள்விட்டம் 32 மி.மீ., பிளஞ்சர் தலைப் பள்ளத்தின் அடி விட்டம் 27.4. ஒரு பக்கத்து இடைவெளி 2.3. தடிமன் 2.62 வரும் நைட்ரைல் ரிங் போட்டால் 0.32 அமுங்கும், அதாவது சுமார் 12 சதவீதம். 3.53 தடிமன் உள்ளே போகவே போகாது. கடினம் 70 ஷோர் கேட்டு வாங்கினேன். சிலிகான் ரிங் வேண்டாம்: பூசப்போவது சிலிகான் கிரீஸ், அது பட்டால் சிலிகான் ரப்பர் உப்பிவிடும்.

ஜூலை 27

சரியான ரிங் கிடைக்காதவர்கள் பள்ளத்தில், ரிங்குக்கு அடியில், டெஃப்லான் டேப் சுற்றலாம். இரண்டு சுற்று, சோதனை, தேவையானால் இன்னொரு சுற்று. ரிங்குக்கு மேலே சுற்றினால் நாலு இழுப்பில் கிழிந்து போகும்.

பள்ளத்தின் முன்விளிம்பில் சின்ன வெட்டுகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இருந்தால் அந்த ரிங் பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் நகர வேண்டியது. பின்னால் இழுக்கும்போது வெட்டுகள் வழியே காற்று உள்ளே வரும், முன்னால் பாயும்போது அடைபடும். அங்கே டேப்பைத் திணித்து ரிங்கை நகரவிடாமல் செய்தால் சோதனையில் பிரமாதமாக ஊரும்; ஆனால் ஒவ்வொரு இழுப்புக்கும் வெற்றிடத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், பேரலில் இருக்கும் டார்ட்டும் பின்னால் உறிஞ்சப்படும். குழந்தை கையால் இழுக்க முடியாது. இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஜூலை 29

தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. 24 டிகிரிக்குக் கீழே உறையும். சேலத்தில் வழவழப்பாக இருப்பது ஏற்காட்டு இரவில் வெண்ணெயாக இறுகும். தையல் மெஷின் எண்ணெய் வழிந்தோடிவிடும். துரு நீக்கும் ஸ்பிரே சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விட வைக்கும். ஆர்.ஓ. வடிகட்டி ரிப்பேர்க்காரர்கள் மூடி ரிங்குக்குத் தடவும் சிலிகான் கிரீஸ் பட்டாணி அளவு போதும், மெல்லிய படலமாக. அதிகம் பூசினால் பேரலுக்குப் போய் டார்ட் வழுக்கும், தூசியும் ஒட்டும்.

ரிடாலியேட்டர் ஊர்கிறது!

ஜூலை 30

ரிப்போர்ட் திங்கள்கிழமையாம்.

ஆகஸ்ட் 1

நீலத்தின் விரிசல். 220 எமரி தாளால் வெளிப்புறத்தைச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு டியூபையும் சம அளவு கலந்த அரால்டைட். வெளியே மட்டும். உள்ளே ஒரு துளி வழிந்தாலும் அந்த மேடு ஓ-ரிங்கை அறுக்கும். ஒரு முழு நாள் தொடக்கூடாது. சூப்பர் குளூ இடி தாங்காது, உடைந்துவிடும். பைப் சிமென்ட் பிவிசிக்கு உரியது. குழாய் மெழுகுபோல் வழவழத்தால் அது பாலிப்ரொப்பிலீனாக இருக்கலாம். அதில் எந்தப் பசையும் ஒழுங்காக நிற்காது, குழாயையே மாற்ற வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 3

கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம். வண்டி எடுக்கவில்லை.

நீலத்துக்குப் போல்ட் முனையிலும் கசிவு. போல்ட் முழுக்க முன்னால் போகாமல் ஒரு மி.மீ. நின்றாலே காற்று அந்த வழியே போகிறது. மெல்லிய ஃபோம் வளையம் ஒட்டினால் சரியாகும். தடிமனாக ஒட்டினால் போல்ட் பூட்டாது.

பேரலை மாற்றுகிறவர்களுக்கு: டார்ட் விட்டம் சுமார் 12.7, பேரல் உள்விட்டம் அதை ஒட்டியே இருக்க வேண்டும். ஊதினால் டார்ட் நகர வேண்டும், கவிழ்த்தால் விழக்கூடாது. நீளத்துக்குக் கணக்கு உண்டு. 32 மி.மீ. குழாயில் 7 செ.மீ. ஓட்டம் என்றால் 56 கன செ.மீ. காற்று, 15 செ.மீ. பேரலுக்குள் 19. மூன்று மடங்கு, போதும். கசிவு இருந்தால் இந்த மூன்று இரண்டாகிவிடும், டார்ட் பேரலுக்குள்ளேயே வேகம் இழக்கும். அதைப் பார்த்துப் பேரல் நீளம் என்று வெட்டிவிடுகிறார்கள். சீலை முடிக்காமல் ரம்பத்தை எடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் 4

தெரிந்துவிட்டது. எழுத மனமில்லை.

ஆகஸ்ட் 5

மேலே ஏற்காடு 1500 மீட்டர், இங்கே சேலம் 280. காற்றழுத்தம் அங்கே ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. வாயை அடைத்துச் சோதித்தால் பிளஞ்சர் கூடுதலாகக் கொஞ்சம் போய்த்தான் நிற்கும், ஏனென்றால் அதே எதிர்ப்பைத் தர மெலிந்த காற்று இன்னும் சுருங்க வேண்டும். கசிவு என்று பயந்து யாரும் டேப் சுற்றிவிடக்கூடாது. இதைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைக்கிறேன், கண்ணாடி இரண்டு ஜோடியும் சேர்த்து. கண்ணில் கண்ணாடி இல்லாமல் யாரும் சுடக்கூடாது.

ஸ்பிரிங் மாற்றச் சொல்கிறார்கள் எல்லாரும். கசிகிற குழாயில் கனத்த ஸ்பிரிங் போட்டால் அழுத்தம் கூடும், அதே ஓட்டையில் இன்னும் வேகமாகக் காற்று போகும், முன்சுவர் சீக்கிரம் உடையும். மாட்டேன்.

ஆகஸ்ட் 7

சுழல் உருளை. ஒவ்வொரு அறைக்குப் பின்னாலும் சின்ன வால்வு. டார்ட் உள்ளே இருந்து தள்ளினால்தான் திறக்கும். காலி அறையை வைத்துச் சோதித்தால் வால்வே காற்றை அடைத்துக்கொள்ளும், அதற்கு அப்பால் உள்ள கசிவு தெரியாது. டார்ட் போட்டு அடைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது உருளைக்கும் மூக்குக்கும் நடுவே காற்று விரலில் பட்டது. இடைவெளி 0.8. அரை மி.மீ. வாஷர் ஒன்றை உருளைக்கு முன்னால் வைத்துச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும்.