மாமாவின் ஒரே சீன வாக்கியம்

என் தாய்மாமாவுக்குச் சென்னை ரிச்சி தெருவில் செல்போன் ஸ்பேர் கடை. யாரைப் பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "தம்பிக்கு சொந்த ஊரு எது?" கூரியர் பையன், கணக்கு எழுத வருபவர், பக்கத்துக் கடைக்குப் புதிதாகச் சேர்ந்த ஆள், ஒருவரும் தப்ப முடியாது. ஒருமுறை ஹெல்மெட் இல்லாததற்காக வண்டியை நிறுத்திய போக்குவரத்துக் காவலரிடமே கேட்டார். அவர் கோவில்பட்டி. மாமா விளாத்திகுளம். அபராதம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் கடலைமிட்டாயைப் பற்றிப் பத்து நிமிடம் பேச்சு ஓடியது.

இப்படிப்பட்ட மனிதரோடு 2019 கடைசியில் சீனாவின் ஷென்ஜென்னுக்குச் சரக்கு எடுக்கப் போனேன். சொந்த ஊர்க்காரர் என்று ஒருவரும் இல்லாத ஊர் அது. அது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

மாமா 2012-ல் வியாபாரிகள் கூட்டத்தோடு ஒரு முறை போய் வந்தவர். அந்த ஐந்து நாள் அனுபவத்தை ஏழு வருடமாகப் பேசி வந்ததில், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த மாதிரி ஒரு தோரணை வந்திருந்தது. "ஹாங்காங்ல ரயில் ஏறுற, லோவூல இறங்குற, பாலத்தைத் தாண்டுற, ஷென்ஜென். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன்டா" என்பார். ஆனால் அந்தச் சமயம் ஹாங்காங்கில் போராட்டம் நடந்துகொண்டிருந்ததால், பாங்காக் போய் அங்கிருந்து குவாங்ஜோ, அங்கிருந்து அதிவேக ரயில் என்று டிக்கெட் போட்டேன். மாமாவுக்கு அதில் வருத்தம்தான். தெரிந்த வாசல் வழியாக நுழையாவிட்டால் அவருக்கு வீடே வேறு மாதிரி தெரியும்.

வேறு மாதிரிதான் இருந்தது. ரயில் எங்களைக் கொண்டுபோய் விட்ட ஃபுத்தியான் நிலையம் முழுக்க முழுக்கத் தரைக்கடியில் இருக்கிறது. 2015 கடைசியில் திறந்தது என்பதால் மாமா கண்ணால் பார்த்ததே இல்லை. "லெஃப்ட்ல போடா" என்றார். போனோம். மறுபடி லெஃப்ட். முக்கால் மணி நேரம் பெட்டியை இழுத்துக்கொண்டு சுற்றி ஒரு வழியாக வெளியே தலையை நீட்டினால், எதிரே 599 மீட்டரில் ஒரு கட்டடம். பிங் ஆன் என்கிற காப்பீட்டுக் கம்பெனியுடையது, 115 மாடி. மாமா கழுத்தை முடிந்தவரை பின்னால் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நான் வந்தப்ப இது பள்ளமா இருந்துச்சு" என்றார். சும்மா சமாளிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு தேதிகளைப் பார்த்தால், 2012-ல் அங்கே வேலை ஆரம்ப கட்டத்தில்தான் இருந்திருக்கிறது.

வெளியே வந்து ஐந்தாவது நிமிடத்தில் மாமா ஒரு பஸ்ஸில் அடிபடப் பார்த்தார். தப்பு அவருடையது என்று சொல்ல மாட்டேன். நாம் ரோடு கடப்பது கண்ணால் அல்ல, காதால். ஹாரன் கேட்டால் நிற்கிறோம், எஞ்சின் உறுமல் தள்ளி இருந்தால் ஓடுகிறோம். அந்த ஊரிலோ 2017 முடிவதற்குள் பதினாறாயிரத்துச் சொச்சம் பஸ்களையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். உலகத்திலேயே முதலில் அப்படிச் செய்த பெரிய நகரம் அதுதான். டாக்சிகளும் அநேகமாக எல்லாமே மின்சாரம். அந்த நீல டாக்சிகளைச் செய்கிற பிஒய்டி கம்பெனிக்கும் அதுவே தலைமையிடம். இதெல்லாம் பெருமைதான். ஆனால் பன்னிரண்டு மீட்டர் நீள வண்டி, பூனை மாதிரி பின்னால் வந்து நின்றால் மனுஷன் என்ன செய்வான்? அன்று முழுக்க மாமா என் சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் ரோடு கடந்தார்.

மறுநாள் காலை ஹுவாச்சியாங்பெய். செல்போன் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு க்ஷேத்திரம். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத் தெரு, இரண்டு பக்கமும் பல மாடிக் கட்டடங்கள், ஒவ்வொரு மாடியிலும் நம் ஊர் டீக்கடை பெஞ்ச் அகலத்துக்கு நூற்றுக்கணக்கான கவுண்டர்கள். சிப், ஸ்க்ரூ, கேமரா, பேட்டரி, எல்லாம் தனித்தனியாக. எங்கே திரும்பினாலும் பேக்கிங் டேப்பை இழுக்கிற 'கர்ர்ர்' சத்தம். விலை பேசுவது கால்குலேட்டரில். கடைக்காரப் பெண் ஓர் எண்ணை அடித்துக் காட்டுவாள், நாம் அழித்துவிட்டு ஓர் எண்ணை அடிக்க வேண்டும், அவள் நெஞ்சில் கை வைத்துச் சாய்வாள். பாஷையே தேவையில்லை.

மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தார். 2012-ல் டிஸ்ப்ளே காம்போ (திரையும் டச்சும் ஒட்டிய செட்) வாங்கிய கடை. ஓரமெல்லாம் நைந்து, லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது. "மூணாவது மாடி, லிஃப்ட் பக்கத்துல, பச்சை போர்டு. அந்தப் பொண்ணு மாதிரி நியாயமான வெலை யாரும் போட மாட்டாங்க." தெருவே அடையாளம் மாறியிருந்தது. மெட்ரோ வேலைக்காக 2013-ல் மூடித் தோண்டிப்போட்டு, 2017-ல்தான் வண்டிகள் இல்லாத நடைத்தெருவாகத் திறந்திருக்கிறார்கள். ஆனாலும் கட்டடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது மாடி, லிஃப்ட் பக்கம். அங்கே பச்சை போர்டும் இருந்தது.

போர்டுக்குக் கீழே லிப்ஸ்டிக்.

பக்கத்துக் கடையில் ஃபேஸ் க்ரீம். அதற்கு அடுத்ததில் சென்ட். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேக்கப் சாமான்கள். செல்போன் விற்ற பல கவுண்டர்கள் அந்த வருடம் மொத்தமாக அழகுசாதனத்துக்கு மாறியிருந்தன. போன் வியாபாரத்தில் லாபம் குறைந்ததும் யாரும் உட்கார்ந்து புலம்பவில்லை, போர்டைக் கழற்றி மாட்டிவிட்டார்கள். ரிச்சி தெருவில் ஒரு கடை பெயரை மாற்றினாலே பத்து வருடத்துக்கு பழைய பெயரில்தான் வழி சொல்லுவோம். கார்டைக் காட்டி ஒவ்வொரு கவுண்டரிலும் விசாரித்தோம். "நான் வந்து மூணு மாசம்தான் ஆகுது", "ஆறு மாசம்", "போன வாரம்தான் சேர்ந்தேன்." இருப்பதிலேயே சீனியருக்கு ஒன்றரை வருடம். நடுவில் ஒரு பெண் ஆர்வமாகி மாமாவின் புறங்கையில் நான்கு கலர் லிப்ஸ்டிக்கை வரிசையாகத் தீட்டிக் காட்டினாள். அந்தக் கோடுகளோடுதான் மாமா அன்றைக்குப் பூராவும் பேரம் பேசினார்.

சரி, காம்போ வேண்டுமே என்று வேறொரு கட்டடத்தில் ஏறினோம். அங்கே ஒரு கடைக்காரர், நாற்பது வயது இருக்கும், விலை பேசுவதற்கு முன்பே டீ ஊற்ற ஆரம்பித்துவிட்டார். பாலாடைச் சங்கு அளவுக்குக் கிண்ணம். மாமா ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீதி எங்கே என்பது போல் பார்த்தார். அவர் மறுபடி ஊற்றினார். ஒன்பது முறை. இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் நன்றி என்று அர்த்தமாம். மாறுவேடத்தில் வந்த சக்கரவர்த்தி தன் கையால் டீ ஊற்ற, காலில் விழ முடியாத சேவகன் விரலை மடித்து வணங்கியதாக ஒரு கதை சொல்கிறார்கள். இது தெரியாத மாமா, பொறுமை இழந்து மேசையைத் தட்ட, கடைக்காரர் மகிழ்ந்துபோய்ப் பத்தாவது முறை ஊற்றினார்.

மாமாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "இவருக்கு சொந்த ஊரு எதுன்னு கேளுடா." போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கடைக்காரர் முகம் மலர்ந்தது. "ஓ, லாவ்ஜியா!" என்றார். லாவ் என்றால் பழைய, ஜியா என்றால் வீடு. பழைய வீடு, அதாவது சொந்த ஊர். அவருடைய பழைய வீடு சாவ்ஷான், அதே மாகாணத்தின் கிழக்குப் பக்கம். ஹுவாச்சியாங்பெய்யில் கவுண்டர் வைத்திருப்பவர்களில் ஏகப்பட்ட பேர் அந்தப் பக்கத்து ஆட்கள்தானாம். நம் ஊரில் மளிகைக்கடை என்றால் ஒரு பக்கத்துக்காரர்கள் நினைவுக்கு வருகிற மாதிரி. அந்தக் கேள்வியைச் சீனத்தில் எப்படிக் கேட்பது என்று மாமா பாடம் எடுத்துக்கொண்டார். "லாவ்ஜியா நாலி?" அவ்வளவுதான். மாமா கையில் ஆயுதம் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு ஊரே திணறியது. எல்லாரும் வெவ்வேறு மாகாணம். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்: ஹுனான். டாக்சி டிரைவர்: ஹூபே. தெருமுனையில் சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு விற்ற அம்மாள்: ஹெனான். அந்த அம்மாளிடம் நான் நூறு யுவான் நோட்டை நீட்ட, சில்லறைக்கு வழியில்லாமல் தள்ளுவண்டியில் தொங்கிய க்யூஆர் அட்டையைக் காட்டினார். அந்த வீசாட் என்கிற செல்போன் பணப்பையைக் கண்டுபிடித்த கம்பெனியே இந்த ஊர்தான். எங்களிடம் அது இல்லை. கடைசியில் க்யூவில் நின்ற ஒரு மாணவன் தன் போனில் கட்டினான், எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டான். மாமா அவனிடமும் கேட்டார். சிச்சுவான்.

மெட்ரோவில் மாமாவைக் கண்டதும் நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். முதலில் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டி முழுவதும் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது: நரைத்த தலை அது ஒன்றுதான். 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரில் அறுபது வயதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் சொச்சம். "கெழவங்களை எல்லாம் எங்கடா ஒளிச்சு வெச்சிருக்காங்க?" என்றார். எல்லாம் லாவ்ஜியாவில்.

1979-ல் நகரம் என்று அறிவித்தபோது மாவட்டம் முழுக்கச் சேர்த்தே மூன்று லட்சம் சொச்சம் பேர். அடுத்த வருடம் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. 2010-ல் ஒரு கோடியே நாலு லட்சம், 2020-ல் ஒரு கோடியே 75 லட்சம். அந்தப் பத்து வருடத்தில் கூடியது மட்டும் 71 லட்சம். 2011 கணக்கில் சென்னை மாநகராட்சியின் மொத்த மக்களே 46 லட்சம் சொச்சம்தான். கட்டடங்களும் அதே வேகம். 1985-ல் முடித்த குவோமாவ் கோபுரத்தை மூன்று நாளுக்கு ஒரு மாடி என்று ஏற்றியிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் மாமா மௌனமானார். மடிப்பாக்கத்தில் அவர் வீட்டு காம்பவுண்டுச் சுவர் ஏழு மாதமாக இடுப்பளவில் நிற்கிறது. 'ஷென்ஜென்' என்றால் ஆழமான வாய்க்கால் என்றுதான் அர்த்தம் என்பதில் மட்டும் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்.

"வந்துவிட்டால் நீயும் ஷென்ஜென்காரன்தான்" என்று அந்த ஊரில் ஒரு வாசகம் உண்டு. மாமாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "அதெப்படிடா? பொறந்தவன் ஒருத்தனாவது இருப்பான்ல?"

இருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்த ஒரு பழைய கிராமத்தில் நுழைந்துவிட்டோம். எட்டு மாடிக் கட்டடங்கள், நடுவில் குடை விரிக்க முடியாத சந்து, தலைக்கு மேல் ஒயர் மூட்டை. இந்த வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுக்காரருக்குக் கை கொடுக்கலாம். அதனால் 'கைகுலுக்கும் கட்டடங்கள்' என்றே பெயர். வேலை தேடி வருகிறவர்களுக்கு முதல் வாடகை அறை இப்படிப்பட்ட சந்துகளில்தான் கிடைக்கும். ஒரு வாசலில் எழுபது வயதுப் பெரியவர், பனியனும் செருப்புமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து.

"லாவ்ஜியா நாலி?" என்றார் மாமா.

அவர் பேசியது கான்டனீஸ். மாமா கற்ற மாண்டரின், அதாவது பொதுச் சீனம், அவருக்குப் பிடிபடவில்லை. பக்கத்துப் பழக்கடைப் பெண் திருப்பிச் சொன்னாள். பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சுட்டுவிரலால் தன் காலுக்குக் கீழே தரையைக் காட்டினார். மாமாவுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. புதையலைக் கண்ட மாதிரி என் தோளைக் குலுக்கினார். பழக்கடைப் பெண் (ஜியாங்சி) சொன்னாள்: அந்த எட்டு மாடியும் அவருடையது, முன்பு அந்த இடத்தில் அவர்களுக்கு வயல்.

பெரியவர் பதிலுக்குக் கேட்டார், மாமாவுக்கு எது என்று. சென்னை என்று நான் வாயெடுப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "விளாத்திகுளம்." சென்னைக்கு வந்து நாற்பது வருடம் ஆகிறது. பெரியவர் தெரிந்த ஊர் மாதிரி தலையாட்டினார்.

கிளம்புகிற நாள் காலை. கடைசியாகக் கொஞ்சம் சார்ஜிங் பின் வாங்க ஹுவாச்சியாங்பெய் மெட்ரோ வாசலில் ஏறி வந்தோம். பெரிய பெட்டியோடு ஒரு பையன், இருபது வயதிருக்கும், அத்தனை பேரையும் விட்டுவிட்டு நேராக மாமாவிடம் வந்து போனைக் காட்டினான். திரையில் ஒரு முகவரி. நான் அவனை அனுப்பிவிடலாம் என்று கையை உயர்த்தினேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். அதே கட்டடம்.

பையனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். ஸ்கூட்டர் ஒன்று சத்தமில்லாமல் வந்தபோது அவனை இழுத்து நிறுத்தினார். கட்டட வாசலில் விட்டு, மேலே கையைக் காட்டி, மூன்று விரலை நீட்டினார். போகும்போது கேட்க வேண்டியதையும் கேட்டார். ஹுனான்.

திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"பாவம்டா, ஊருக்குப் புதுசு."