வெளிச்சம் ஆகாத மீன்

அலங்கார மீன் பண்ணையில் முட்டையிடும் மீன்களின் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் என் மனதுக்கு நெருக்கமானது நியான் டெட்ரா. நன்றாக வளர்ந்த மீனே மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். மேல் அமேசான் படுகையில் பெரு, கொலம்பியா, பிரேசில் நாட்டு மழைக்காட்டு ஓடைகள் அதன் பூர்வீகம். 1936இல் அமெரிக்க மீனியல் அறிஞர் ஜார்ஜ் மையர்ஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. ஆனாலும் முட்டையிடும் பருவம் வந்தால் அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கேட்கும்.

அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. இலைச்சருகு ஊறி, தேநீர் நிறத்தில், அமிலத்தன்மையோடு இருக்கும். அதனால் ஆர்ஓ தண்ணீரில் வாதாம் சருகை ஊறப்போட்டு, டிடிஎஸ்ஸும் (கரைந்த உப்பின் அளவு) பிஎச்சும் (இது குறைந்தால் அமிலத்தன்மை கூடும்) இறங்கிய பிறகே ஜோடியை விடுவோம். சற்றே கடினமான தண்ணீரிலும் பெரிய மீன் பழகி வாழ்ந்துவிடும். முட்டைதான் தாங்காது, வெளுத்துப்போய்ப் பூஞ்சை பிடித்துவிடும்.

அதைவிட முக்கியம் இருட்டு. முட்டைக்கும் குஞ்சுக்கும் வெளிச்சம் ஆகாது என்பதால் தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் தாள் ஒட்டியிருப்போம். ஜோடி முட்டைகளைச் சிதறவிட்டதும் இரண்டையும் வெளியே எடுத்துவிட வேண்டும். விட்டால் அவையே தின்றுவிடும். ஏறக்குறைய ஒரு நாளில் பொரிக்கும். பொரித்தது பார்வைக்கு மீனாகவே இருக்காது. கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய கீற்று, அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பொறுக்காது. "அண்ணே, ஒரே ஒரு தடவ டார்ச் அடிச்சுப் பாத்துக்கலாமா?" என்பார்கள். அந்த ஆசை எனக்குப் புரியும், பிடிக்கவும் செய்யும். ஆனால் விடமாட்டேன். நீந்தத் தொடங்கிய குஞ்சின் வாய்க்கு ஆர்டீமியா என்னும் பொடி இறாலின் குஞ்சுகூடப் பெரிது, முதலில் இன்ஃப்யூசோரியா என்னும் நுண்ணுயிர்கள்தான். ஆர்டீமியா தின்னும் அளவுக்குத் தேறிய பிறகு கறுப்புத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவோம்.

வளர்ந்த நியான் டெட்ராவின் பக்கவாட்டில் ஓடும் அந்த நீலக்கோடு சாயமல்ல. தோலின் செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும், குவானின் என்ற பொருளாலான படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் உண்டாகும் நிறம். இரவில் அந்தத் தகடுகளின் இடைவெளி மாறிவிடுவதால் கோடு ஊதாவாகி மங்கிப்போகும். காலையில் பெரிய மீன்களின் தொட்டியைத் திறக்கும்போது எல்லாம் வெளிறி, சீக்குப் பிடித்தவை போலத் தெரியும். பதறத் தேவையில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக நீலம் ஏறும். நிழல் கவிந்த ஓடையில் ஒன்றையொன்று பிரியாமல் கூட்டமாக நீந்த இந்தக் கோடு உதவுகிறது என்பது என் எண்ணம்.

வாங்க வருபவர்கள் பெரும்பாலும் பளிச்சென்ற விளக்கும் வெள்ளைக் கற்களும்தான் கேட்கிறார்கள். அங்கே இந்த மீன் மிரண்டு, நிறம் வெளுத்து மூலையில் ஒதுங்கிவிடும். விளக்கைக் குறையுங்கள், அடியில் கறுப்பு மணல் போடுங்கள், மேலே மிதக்கும் செடி விடுங்கள், பத்து மீனாவது சேர்த்து வாங்குங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.