மேட்ரன் (தலைமை நர்ஸ்) கிரேஸ் வில்சனின் ராணுவக் கோப்பைத் தேடியபோது

முதல் உலகப் போருக்குப் போன ஆஸ்திரேலிய நர்ஸ் யாரைப் பற்றியாவது தேடுகிறீர்கள் என்றால், காசு கட்ட வேண்டாம். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் B2455 என்ற வரிசையில் எல்லாக் கோப்புகளையும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். நான் மெல்பர்னில் நர்ஸ். நர்ஸ்கள் தினத்துக்காக கிரேஸ் வில்சனைத் தேடினேன், 1933 முதல் இங்கே ஆல்பிரட் மருத்துவமனையில் மேட்ரனாக இருந்தவர். வெறும் வில்சன் என்று போட்டால் சிப்பாய்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகும், கிரேஸ் மார்கரெட் என்று முழுப்பெயரும் கொடுங்கள்.

கோப்பில் தேதி, பணியிடம், பதக்கம், பாதி சொற்சுருக்கங்கள். லெம்னோஸ், கெய்ரோ, பிரைட்டன், பிரான்ஸில் அப்வில் என்று அவர் மேட்ரனாக இருந்த 3ஆம் ஆஸ்திரேலியப் பொது மருத்துவமனை என்ற ராணுவ மருத்துவமனை இடம் மாறிப் போன வழி தெரியும், அங்கே என்ன நடந்தது என்று தெரியாது. அதற்கு அவர் நாட்குறிப்பும் அந்தக் காலத்துக் கடிதங்களும்தான். 1915 ஆகஸ்டில் கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவில் இறங்கினால், துருக்கியின் கலிப்போலி போர்முனையில் அடிபட்டவர்கள் தரையில் கிடக்கிறார்கள், மருத்துவமனைச் சாமான் ஏற்றிய கப்பலோ இன்னும் வந்து சேரவில்லை, குடிக்கவும் கழுவவும் தண்ணீர் கிடையாது, நர்ஸ்கள் தங்கள் உள்பாவாடையைக் கிழித்துக் கட்டுப் போட்டார்கள். அவருடைய தம்பி கலிப்போலியில் இறந்த செய்தியும் அந்த நாட்களில்தான் வந்தது. பஞ்சு தீர்ந்துபோன ஒரு ஷிஃப்டுக்கே நாங்கள் எவ்வளவு புலம்புகிறோம்! இத்தனைக்கும் 1916இல்தான் இந்த நர்ஸ்களுக்கு அதிகாரி அந்தஸ்து கொடுத்தார்கள், அதுவும் கௌரவப் பதவியாக, ஆண் அதிகாரிக்குள்ள சம்பளம் இல்லாமல். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் (Trove) தளம். பழைய செய்தித்தாள்கள், அதுவும் இலவசம். கணினி படித்த எழுத்தில் பிழை நிறைய இருக்கும், பார்த்தால் திருத்திவிட்டுப் போங்கள், அடுத்தவருக்கு உதவும். பத்திரிகைகள் பெரும்பாலும் மிஸ் வில்சன் என்றே எழுதின, 1929இல் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பதக்கம் வாங்கியதையும் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். எழுபது தாண்டி 1954இல் திருமணம் செய்துகொண்டார், ஆகவே அதற்கப்புறம் மிஸஸ் கேம்பல். 1957இல் இறந்தார்.

1940இல் மறுபடி மத்தியக் கிழக்குக்குப் போனாரே, இரண்டாம் போருக்கான கோப்புகள் B883 என்று தனி வரிசை. அதில் யாருடையதாவது ஸ்கேன் ஆகாமல் இருந்தால் பணம் கட்டி நகல் கேட்க வேண்டியதுதான்.