700 எழுத்துக்குள் இரண்டு வருடம்

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குப் போக ஆம்காஸ் என்று ஒரு பொது விண்ணப்பம் இருக்கிறது. அதில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் இடைவெளி உட்பட 700 எழுத்துதான். பட்டப்படிப்பு முடித்துவிட்டு இரண்டு வருடம் பார்த்த கிளினிக்கல் ரிசர்ச் கோஆர்டினேட்டர் வேலையை, அதாவது மருந்துச் சோதனைக்கு நோயாளிகளைத் தேடிச் சேர்க்கிற வேலையை, அந்தப் பெட்டிக்குள் அடைக்க உட்கார்ந்தேன். இத்தனை பேரை ஸ்கிரீன் செய்தேன், இத்தனை பேரிடம் ஒப்புதல் வாங்கினேன், ஆய்வைப் பற்றி ஒரு போஸ்டர். படித்துப் பார்த்தால் ரேஷன் கடை இருப்புப் பதிவேடு மாதிரி இருந்தது.

மதுரையில் இருக்கும் பெரியப்பாவுக்கு இந்த வேலையே புரியவில்லை. "நீட் மாதிரி அங்கேயும் ஒரு பரீட்சை இருக்காமே, அதை எழுதினா முடிஞ்சுது, நடுவுல எதுக்கும்மா வேலை?" எம்கேட் எழுதியாச்சு பெரியப்பா, அது மட்டும் போதாது என்று சொல்லிச் சொல்லி நானும் விட்டுவிட்டேன்.

நான் இருந்தது இதயச் செயலிழப்புக்கான ஒரு மருந்துச் சோதனையில். காலையில் வார்டில் சேர்ந்தவர்களின் சார்ட்டை, அதாவது மருத்துவக் குறிப்பை, ஒவ்வொன்றாகத் திறந்து, இதயத்தின் பம்ப் திறன் 40 சதவீதத்துக்குக் கீழா, சிறுநீரகம் தாங்குமா, பொட்டாசியம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில நாள் ஒருவர்கூடத் தேற மாட்டார். தேறினால், அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டு, இருபது பக்கத்துக்கு மேல் இருக்கும் ஒப்புதல் படிவத்தோடு கட்டில் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.

அப்படி ஒரு நாள் எழுபதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெரியவர். நான் இரண்டாவது பக்கத்தைத் திருப்புவதற்குள், "டஸ்கீகி தெரியுமா உனக்கு?" என்றார். தெரியும். வேலையில் சேரும்போது எல்லாருக்கும் கொடுக்கிற ஆன்லைன் பயிற்சியில் அது ஒரு பாடம், மதிய சாப்பாட்டுக்கு நடுவில் கிளிக் செய்து கடந்த பாடம். 1932இலிருந்து 1972 வரை, அலபாமாவில் சிபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களிடம் நோய் இன்னதென்றே சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், அரசு சுகாதாரத் துறையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தேர்வுக் கேள்வி. அவருக்கு அம்மா சொல்லிக் கேட்ட கதை. அரை மணி நேரம் பேசினார், கடைசியில் வேண்டாம் என்றார். அந்த மாதம் சேர்க்கை எண்ணிக்கை ஏற்கெனவே குறைவு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆய்வுத் தலைவரிடம் போனேன். "புரிந்துகொண்டுதானே மறுத்தார்? அப்புறம் என்ன?" என்றார் அவர்.

தப்பும் செய்திருக்கிறேன். ரத்தம் எடுத்த அரை மணிக்குள் டியூப்களை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஒருநாள் டைமர் வைக்க மறந்து போன் பேசப் போய்விட்டேன். வந்து பார்த்தால் முக்கால் மணி நேரம் ஓடியிருந்தது. நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தி எடுத்த ரத்தம், அதைக் கொடுத்தவர் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர். புரோட்டோகால் மீறல், அதாவது சோதனையின் விதியை மீறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது பெரிதாகத் தெரியவில்லை. அவருக்குப் போன் செய்து, என் தப்புதான், மறுபடி வர முடியுமா, முடியாது என்றாலும் பரவாயில்லை என்று சொன்னதுதான் கஷ்டம்.

இப்போது என்னிடம் வரும், மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகிற பிரீமெட் பிள்ளைகள் முதலில் கேட்பது, ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருமா என்றுதான். பெரிய சோதனைகள் வருடக்கணக்கில் ஓடும், நான் விண்ணப்பித்தபோது என்னுடையது முடியவே இல்லை. நோயாளிகளோடு உட்கார விடுவீர்களா என்று கேளுங்கள். எக்செல்லில் சார்ட் விவரம் நிரப்புவதும் ஆராய்ச்சிதான், குறை சொல்லவில்லை, ஆனால் அதைக் கிளினிக்கல் அனுபவம் என்று எழுதினால் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

கடைசியில் எண்களை அடித்துவிட்டு அந்தக் கெட்டுப்போன டியூப்பை எழுதினேன். இன்டர்வியூவில் ஒரு பேராசிரியர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, "அவர் திரும்ப வந்தாரா?" என்று கேட்டார். வந்தார். ஊசியை எடுத்ததும் தன் போனை எடுத்து முப்பது நிமிட டைமரை அவரே வைத்து, என் மேஜை மேல் வைத்துவிட்டு காபி குடிக்கப் போனார்.