புது கீசர் வரும்வரை

வெள்ளிக்கிழமை காலை அம்மாவைக் குளிக்கக் கூட்டிப் போனபோதுதான் பார்த்தேன். கீசரின் அடியிலிருந்து சுவரில் காவி நிறத்தில் ஒரு கோடு இறங்கி, டைல்ஸ் இடுக்கு வரை வந்திருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. அம்மாவைத் திரும்ப ஹாலுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன்.

கை ஈரம். அதனால் கீசர் சுவிட்சுப் பக்கம் போகவில்லை. கையைத் துடைத்து, செருப்பு மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் இருக்கும் போர்டில் கீசருக்கான எம்சிபியை, அதாவது கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்கினேன். கீசருக்கு உள்ளே இருப்பது தண்ணீரைச் சூடாக்கும் 2000 வாட் காயில். அதன் உறை வெடித்திருந்தால் குளிக்கிற தண்ணீரிலேயே கரண்ட் வரலாம். கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி எங்கள் வீட்டில் இருக்கிறது. இருந்தாலும் எழுபத்தாறு வயது அம்மாவை வைத்துக்கொண்டு அதை நம்பி ஒரு நாள்கூட ஓட்ட எனக்கு மனம் வராது.

அண்ணி போனில், "வால்வுல சொட்டுறது சகஜம்தான், பயப்படாதே" என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். தண்ணீர் சூடானால் பெருகும். எங்களுடையது 15 லிட்டர். அது நன்றாகச் சூடானால் ஒரு டம்ளர் அளவு கூடும், அந்தக் கூடுதல் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டும். ஆனால் அது சூடாகும்போது மட்டும்தான். எங்கள் வீட்டில் கரண்டை நிறுத்தி நாலு மணி நேரம் கழித்தும் சொட்டியது. பழைய வேட்டித் துணியால் எல்லாவற்றையும் துடைத்து, வால்வு, இரண்டு பைப் மூட்டு, அடி மூடி என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நியூஸ்பேப்பரைச் சுற்றி வைத்தேன். மூட்டுகளில் சுற்றியது காய்ந்தே இருந்தது. அடி மூடியின் விளிம்பில் வைத்தது மட்டும் காவியாக ஊறியிருந்தது.

சாயங்காலம் பிளம்பர் தம்பி வந்தார். கீசருக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடி, குளிர்ந்த தண்ணீர் வரும் பைப்பைக் கழற்றி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். டேங்குக்குள் காற்று போனால்தான் தண்ணீர் முழுக்க இறங்குமாம். முதலில் பழுப்பாக வந்தது, அப்புறம் முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள். கோயம்புத்தூரில் குடிக்கச் சிறுவாணி வருகிறது, குளிக்க எங்கள் அபார்ட்மெண்டில் போர் தண்ணீர்தான். அந்த உப்பு அத்தனையும் இங்கேதான் தங்கியிருக்கிறது.

அடி மூடியைக் கழற்றினதும் ஒரு மெல்லிய கம்பியைக் காட்டினார். சுண்டு விரலைவிட மெலிசு, பாதி தூரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. "இது மெக்னீசியம் ராடுங்க அக்கா. துரு முதல்ல இதைத்தான் தின்னும், டேங்கை விட்டுரும். இது கரைஞ்சு போயி ரொம்ப நாளாச்சுங்க" என்றார். 2016-இல் வாங்கியது, ஒரு தடவைகூட மாற்றவில்லை, அப்படி ஒன்று உள்ளே இருப்பதே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் பசை வைத்துப் பார்க்கச் சொன்னதைக் கேட்டேன். "மூடியில இருக்குற ரப்பர் கேஸ்கட் போயிருந்தா நானே மாத்திக் குடுத்துருப்பேனுங்க. டேங்கே பொத்துப் போச்சுங்க, வெளிய என்ன வச்சாலும் நிக்காதுங்க."

மூன்று நாளாக அடுப்பில்தான் தண்ணீர் காய்கிறது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர் பிடித்துவிட்டு, சுடுதண்ணீரைச் சின்னச் சொம்பால் மொண்டு கொண்டுபோய் ஊற்றுகிறேன். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடப்பதில்லை. வாளியில் போடும் ஹீட்டர் ராட் வாங்கலாம் என்று என் கூடப்பிறந்த தம்பி சொன்னான். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு, ராட் இருப்பது தெரியாமல் கை விட்டுவிடுவாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக் காலை புது கீசர் வருகிறது. வால்விலிருந்து தரை ஓட்டை வரை ஒரு சின்ன டியூப் விடச் சொல்லியிருக்கிறேன், சொட்டினாலும் சுவரில் இறங்காது. அந்த மாடலுக்குப் பொருந்துகிற மெக்னீசியம் ராட் ஒன்றும் சேர்த்து எடுத்து வரச் சொன்னேன்.